தஞ்சாவூருக்கு ஒரு நாள்: சுவரில் இருக்கும் பெயர்ப் பதிவேடு



லீவு விட்டால் பிள்ளைகளை எங்கே அழைத்துப் போவது, கையைக் கடிக்காமல் ஒரே நாளில் போய்த் திரும்ப எந்த ஊர் சரிப்படும் என்று பலரும் கேட்கிறார்கள். என் பதில் தஞ்சாவூர். திருச்சி, கும்பகோணம், மயிலாடுதுறை பக்கத்தில் இருப்பவர்களுக்குப் பாசஞ்சர் ரயில் இருக்கிறது. பஸ்ஸில் வந்து புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்குகிறவர்கள், அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடலாம். அதற்குப் பிறகு பார்க்க வேண்டியதெல்லாம் நடக்கிற தூரம்தான். பெரிய கோயிலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. அரண்மனையில்தான் சீட்டு வாங்க வேண்டும்.

போவது எளிது. போய் எதைப் பார்ப்பது என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பெரிய கோயிலில் ஒரு மணி நேரம் நின்று கேட்டுப் பாருங்கள். வருகிற குடும்பங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது மூன்று விஷயம். விமானத்தின் நிழல் தரையில் விழாது. உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல். நந்தி வளர்ந்துகொண்டே இருந்தது, ஆணி அடித்து நிறுத்தினார்கள். நிழல் விழுகிறது. காலையிலோ மாலையிலோ போனால் தரையில் நீளமாகக் கிடப்பதைப் பார்க்கலாம். உச்சியில் இருப்பது பல துண்டுகளாகச் செதுக்கிப் பொருத்தியது என்று ஆய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த நந்தி ராஜராஜன் வைத்ததே இல்லை. அது அறுநூறு வருடம் பிந்தி, நாயக்கர் காலத்தில் வந்தது.

இந்த மூன்றையும் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுகிறார்கள். அவர்கள் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்த கல்லில் இருந்த எழுத்தை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

*கட்டியவர் யார் என்பதே மறந்துபோன கோயில்*

இன்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பெரிய கோயிலைக் கட்டியவர் ராஜராஜ சோழன் என்று சொல்லும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் இது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கோயிலின் தலபுராணம் கரிகாலன் கட்டியதாகச் சொன்னது. வேறு பெயர்களும் உலவின. 1886-இல் அன்றைய சென்னை மாகாண அரசு ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது. அவரும் அவருடன் இருந்த நம் ஊர் அறிஞர்களும் சுவர் சுவராகப் படியெடுத்து வாசித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. "தென்னிந்தியக் கல்வெட்டுகள்" இரண்டாம் தொகுதி முழுக்கத் தஞ்சாவூர்க் கல்வெட்டுகளிலேயே தொடங்குகிறது.

கோயில் எழுந்து கிட்டத்தட்ட 900 வருடம், அதன் சுவரிலேயே பெயர் இருந்தது. மக்கள் தினமும் அதைக் கடந்து போனார்கள். படிக்கத் தெரியாததால் கட்டியவர் பெயரே மறந்துபோனது.

விமானத்தின் அடிப்பகுதியில், நம் கண்ணுக்கும் கைக்கும் எட்டுகிற உயரத்தில், ராஜராஜனின் ஆணை இருக்கிறது. அவருடைய 26-ஆவது ஆட்சியாண்டில், தஞ்சாவூர் அரண்மனையில் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்தபோது சொன்னது. அதன் சாரம் இதுதான்: நான் கொடுத்தவை, என் அக்கா கொடுத்தவை, என் மனைவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்துக் கல்லில் வெட்டுங்கள். அக்கா என்பது குந்தவை. மனைவியருக்கு முன்னால் அக்காவைச் சொல்கிறார். அதற்கும் மேல், மற்றவர்கள் கொடுத்ததும் தன்னுடையதோடு சேர்ந்து ஒரே சுவரில் ஏற வேண்டும் என்கிறார்.

எழுதிய முறையைக் கேளுங்கள். ஒரு செப்புத் திருமேனி என்றால் அது எத்தனை முழம், எத்தனை விரல் உயரம், எத்தனை கை என்று இருக்கும். ஒரு நகை என்றால் எத்தனை முத்து, அவை எந்த வகை, எடை எவ்வளவு, அந்த எடையில் நூலும் அரக்கும் சேர்ந்திருக்கிறதா என்று இருக்கும். ஆடிட் வந்தாலும் குறை சொல்ல முடியாது.

விளக்குக் கணக்கும் அப்படித்தான். ஒரு விளக்கு அணையாமல் எரிய நாளுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள். ஆட்டுக்குப் பதில் பசு என்றால் 48, எருமை என்றால் 16. அந்த ஆடுகள் எந்த இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன என்பது பெயரோடு இருக்கிறது. ராஜராஜன் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறதோ அதே கோயில் கல்லில், அதே உளியால், ஆடு மேய்த்தவர் பெயரும் இருக்கிறது.

*நானூறு வீடு*

என் மனதில் நிற்கிற கல்வெட்டு ஒன்று உண்டு. திருச்சுற்று மதிலின் வடக்குப் பக்கத்தில், வெளிப்புறச் சுவரில் இருக்கிறது. வெளிப்பக்கம் போக வழி திறந்திருக்கிறதா என்று காவலரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ராஜராஜனின் 29-ஆவது ஆட்சியாண்டில் வெட்டியது.

கோயிலில் ஆடவும் பாடவும் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். தளிச்சேரிப் பெண்டுகள் என்று பெயர். பழையாறு, திருவாரூர், திருவையாறு, நாகப்பட்டினம் என்று ஊர்கள் வருகின்றன. கல்வெட்டு தெருத் தெருவாகப் போகிறது. தெற்குத் தளிச்சேரி, அதில் தென்சிறகு, முதல் வீடு, சேரமங்கை, அவருக்குப் பங்கு ஒன்று. இரண்டாம் வீடு இரணமுகராமி. மூன்றாம் வீடு உதாரி. நான்காம் வீடு பட்டாலி. ஐந்தாம் வீடு எடுத்தபாதம். இப்படியே நானூறு வரை.

எடுத்தபாதம் என்றால் தூக்கிய திருவடி, நடராஜரின் பாதம். ஒரு வீட்டில் ஒரு பெண் குழந்தைக்கு அப்படிப் பெயர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அது ஆயிரம் வருடம் கழித்து நமக்குத் தெரிகிறது.

பெண்கள் முடிந்தபின் நட்டுவர்கள், பாடுகிறவர்கள், மத்தளம் வாசிப்பவர்கள், கணக்கர்கள், குடை பிடிப்பவர்கள், விளக்கேற்றுபவர்கள், நீர் தெளிப்பவர்கள், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் என்று மேலும் இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கான பங்கு வருகிறது. பெருந்தச்சன் குஞ்சரமல்லன் பெயரும் அங்கேதான் கிடைக்கிறது.

ஒரு பங்கு என்பது வருடத்துக்கு 100 கலம் நெல். ஒரு விதியும் இருக்கிறது. ஒருவர் இறந்துபோனாலோ வெளியூர் போய்விட்டாலோ, அந்தப் பங்கு அவருடைய நெருங்கிய உறவினருக்குப் போகும். உறவினருக்குத் தொழிலில் தகுதி இல்லையென்றால் தகுதியான வேறொருவரை வைத்து வேலை செய்ய வேண்டும்.

பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கணக்குப் போடலாம். தேவாரம் பாடுவோர் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் என்று இன்னொரு கல்வெட்டு சொல்கிறது. 12 குறுணி ஒரு கலம். 365 நாளுக்கு 1095 குறுணி, அதாவது 91 கலம் 3 குறுணி. ஆடிய பெண்ணுக்கு 100 கலம். தேவாரம் பாடியவருக்கு 91 கலம் சொச்சம். அன்று கலைக்கு இருந்த மதிப்பை எந்தப் பாடப்புத்தகத்தையும் விட இந்த ஒரு கணக்கு நன்றாகச் சொல்கிறது.

ஆண்டுக் கணக்கில் வகுப்பறையில் வருகைப் பதிவேடு எழுதியவன் என்பதால் எனக்கு இதில் தனி ஈடுபாடு. பதிவேட்டில் பெயர் இருக்கும் பிள்ளைதான் பள்ளிக்கூடத்தின் பிள்ளை. பெயர் எழுதுவது என்பது, நீ இருக்கிறாய் என்று ஒருவரை ஒப்புக்கொள்வது.

*அதே சுவரில் இன்னொரு வரி*

பெருமையை மட்டும் படித்துவிட்டு வந்துவிடக் கூடாது. கோயிலுக்கு நெல்லும் பொன்னும் கொடுக்க வேண்டிய ஊர்களின் பட்டியலும் சுவரில் இருக்கிறது. சோழநாட்டு ஊர்கள் மட்டுமில்லை, சோழர் பிடித்த ஈழத்து ஊர்களும் உண்டு. ஒவ்வொரு ஊருக்கும் மொத்த நிலம் எவ்வளவு, அதில் வரி கட்ட வேண்டாத இடம் எது, மீதி எவ்வளவு என்று வேலிக் கணக்கை முந்திரி, கீழ்முந்திரி வரை பின்னமாக உடைத்து எழுதியிருக்கிறார்கள். பழைய எண்சுவடி படித்தவர்களுக்கு முந்திரி என்றால் 320-இல் ஒரு பங்கு என்று நினைவிருக்கும்.

அந்த வரியில்லா இடங்களைப் படியுங்கள். ஊர் நத்தம், கோயில், குளம், ஊடே போகும் வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு, பறைச்சுடுகாடு.

தீண்டாச்சேரி என்ற சொல் ஆயிரம் வருடத்துக்கு முன்பே அரசாங்கக் கணக்கில் சாதாரணமாக உட்கார்ந்திருக்கிறது. சுடுகாடு கூட இரண்டு. சோழர் காலத்தைப் பொற்காலம் என்று சொல்கிறவர்களும், அது பொய் என்று சண்டை போடுகிறவர்களும் முகநூலில் நிறைய இருக்கிறார்கள். இரண்டு கட்சிக்கும் வேண்டிய சான்று ஒரே கோயிலில் இருக்கிறது. 400 பெண்களுக்குக் கதவிலக்கம் போட்டுப் பெயர் எழுதிய அதே நிர்வாகம், தீண்டாச்சேரியில் இருந்தவர்களின் பெயரை எழுதவில்லை. அவர்கள் இருந்த இடத்தை மட்டும் அளந்து வைத்தது. பேரப்பிள்ளைகளுக்கு இரண்டையும் காட்டுங்கள். பாதியை மட்டும் காட்டுவது வரலாறு ஆகாது.

வெளியே வருமுன் தென்மேற்குப் பக்கம் போனால், சுவரில் தேவநாகரி எழுத்து வரிசை வரிசையாக இருப்பதைக் காணலாம். இரண்டாம் சரபோஜி 1803-இல் வெட்டச் செய்த போன்ஸ்லே வம்ச வரலாறு. மராத்தி மொழி. சோழன் எழுதிய கோயிலில்தான் தானும் எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

*மதியம்: அரண்மனை*

மதியம் சன்னதி நடை சாத்தும் நேரத்தில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அரண்மனைப் பக்கம் நடக்கலாம். கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்காவில் 1779-இல் கட்டிய சுவார்ட்ஸ் தேவாலயம் இருக்கிறது. சிறுவன் சரபோஜியைப் படிக்க வைத்துக் காத்த ஜெர்மானியப் பாதிரியார் அவர். அவருடைய மரணப் படுக்கையருகே சரபோஜி நிற்பதாக ஒரு சலவைக்கல் சிற்பம் உள்ளே இருக்கிறது. இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு சரபோஜியே செய்வித்தது.

அரண்மனை நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் விரிவாக்கியது. கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகனர் இருக்கிறார். காளையின் மீது சாய்ந்து நிற்பது போன்ற பாவனை, ஆனால் பக்கத்தில் காளை இல்லை. அந்தக் கை எதன் மேல் இருந்தது என்று பிள்ளைகளைக் கேளுங்கள், உடனே சொல்லிவிடுவார்கள். அந்தத் திருமேனி 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று இன்று நாம் சொல்ல முடிவது, திருவெண்காட்டுக் கோயில் சுவரில் அதை யாரோ எழுதி வைத்ததால்தான்.

அடுத்தது சரஸ்வதி மகால். 1799 ஒப்பந்தத்தில் நாட்டு நிர்வாகம் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. சரபோஜிக்குக் கோட்டையும் அரண்மனையும் மிஞ்சின. அவர் புத்தகம் சேர்த்தார். நாயக்கர் காலத்திலிருந்தே இருந்த சுவடிகளோடு, காசி யாத்திரை போன இடத்திலும் சுவடி சேர்த்தார். ஐரோப்பிய நூல்களை வரவழைத்து அவற்றில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு வைத்தார்.

இங்கே எனக்குப் பிடித்தது அவருடைய கண் வைத்தியக் குறிப்புகள். சரபோஜியின் மருத்துவச் சாலையில் கண் நோய்க்குப் பார்த்துக்கொண்ட நாற்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரம் தனித்தனித் தாளில் இருக்கிறது. பெயர், வயது, என்ன நோய், என்ன செய்தார்கள் என்பதோடு கண்ணின் வண்ணப் படமும் உண்டு. தளிச்சேரிக் கல்வெட்டுக்குப் பிறகு கிட்டத்தட்ட 800 வருடம் கழித்து, அதே ஊரில் மறுபடியும் சாமானியர் பெயர் எழுதிய ஒரு பதிவேடு.

1855-இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தபோது கம்பெனி அரசையும் சொத்தையும் எடுத்துக்கொண்டது. ராணி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1859-இல் தோற்றது. அத்தனைக்கும் நடுவில் சுவடிகள் சிதறாமல் தப்பித்தன. 1918-இல் நூலகம் பொதுமக்களுக்கு வந்து சேர்ந்தது. நீங்களும் நானும் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போக முடிவது அதனால்தான்.

*மாலை: மேல வீதி*

வெயில் தாழ்ந்தபின் மேல வீதியில் நடந்து பாருங்கள். பங்காரு காமாட்சி அம்மன் கோயில் இங்கே இருக்கிறது. சியாமா சாஸ்திரிகள் பூசை செய்த கோயில். இதே வீதியில்தான் தஞ்சை நால்வர் சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு வாழ்ந்தார்கள். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் இன்றைய பரதநாட்டியக் கச்சேரி முறை இவர்கள் ஒழுங்கு செய்தது. சரபோஜியைப் பாட்டுடைத் தலைவராக வைத்துச் சிவக்கொழுந்து தேசிகர் எழுதிய குறவஞ்சி, பெரிய கோயில் திருவிழாவில் ஆடப்பட்டு வந்தது.

1947-இல் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டப்படி நின்றது. நிற்க வேண்டிய வழக்கம்தான். 2010-இல் கோயிலின் ஆயிரமாவது ஆண்டு விழாவில் ஆயிரம் பேர் சேர்ந்து பரதம் ஆடினார்கள். நல்ல விழா. ஆனால் அந்த ஆட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்த பெண்களை ஊர் எப்படி நடத்தியது என்பதை வயதானவர்கள் அறிவார்கள். சேரமங்கையையும் உதாரியையும் கல்லில் எழுதிய ஊர், அவர்களுக்குப் பின் வந்தவர்களைப் பெயர் சொல்லவே கூசியது.

மாலை நடை திறந்தபின் இன்னொரு முறை கோயிலுக்குள் போய்விட்டு ரயிலடிக்கு நடந்துவிடலாம். கட்டுச்சோறும் தண்ணீரும் கையோடு கொண்டுபோனால், பக்கத்து மாவட்டத்துக்காரர்களுக்கு ஆளுக்கு 500 ரூபாய்க்குள் எல்லாம் அடங்கிவிடும். தலைக்குத் தொப்பி அல்லது துண்டு அவசியம். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போவதால், வெயில் ஏறுமுன் கோயிலை முடிப்பது காலுக்கு நல்லது.

*நம் ஊர்ச் சுவர்*

ஒரு நோட்டும் பென்சிலும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். கல்வெட்டில் தொடக் கூடாது, சுண்ணாம்போ பவுடரோ பூசிப் படிக்கக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்த எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். ட, ப, ம போன்றவை இன்றைய எழுத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் கொஞ்ச நேரத்தில் பிடித்துவிடுவார்கள். ஒரு வார்த்தை வாசித்துவிட்டால் போதும். அப்புறம் நிழல் விழாத கதையைக் கேட்க அவர்களுக்கே பொறுமை இருக்காது.

தஞ்சாவூர்க் கோயில் உலகப் பாரம்பரியச் சின்னம். 1987-லிருந்து அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதைக் காக்கத் தொல்லியல் துறை இருக்கிறது. நம் ஊர்ச் சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் அப்படி யார் இருக்கிறார்கள்? திருப்பணி என்ற பெயரில் தரையை உயர்த்தி அடிவரிக் கல்வெட்டைப் புதைக்கிறார்கள். சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று மணலைப் பீய்ச்சி எழுத்தைத் தேய்க்கிறார்கள். மேலே டைல்ஸ் ஒட்டுகிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள். நன்கொடை கொடுத்தவர் பெயரை டியூப் லைட்டில் எழுதுகிறோம். ஆயிரம் வருடத்துக்கு முன் 96 ஆடு கொடுத்தவர் பெயரைச் சிமெண்ட் போட்டு மூடுகிறோம்.

உங்கள் ஊரில் திருப்பணி தொடங்கப் போகிறது என்றால், கமிட்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வேலைக்கு முன்னால் சுவரை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். அந்தச் சுவரிலும் ஒரு சேரமங்கை இருக்கலாம், ஓர் இடையர் இருக்கலாம். 900 வருடம் படிக்காமல் விட்ட பெயரைக் கூட ஹுல்ஷ் வந்து படிக்க முடிந்தது, கல் அப்படியே இருந்ததால். கல்லே போய்விட்டால் பிறகு யார் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

உங்கள் ஊர்க் கோயிலில் கல்வெட்டு இருந்தால், அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். மற்றவர்களும் படிக்கட்டும்.